நடுவில் இருந்த தாள்கள்

டிவிக்கும் ஞாபகசக்தி உண்டு என்பது ஸ்ரீகண்டனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்ற வியாழக்கிழமை மருமகள் சஹானா ஏதோ தேடப்போக, அந்த வீட்டு டிவியில் எந்தப் படம் எத்தனை தடவை ஓடியது என்ற பட்டியல் திரையில் விரிந்தது. ஒரே ஜப்பானிய இயக்குநரின் பதினோரு கார்ட்டூன் படங்கள். அதில் ஒன்று நான்கு தடவை. எல்லாமே காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில். அதாவது மனைவி அனந்தலக்ஷ்மி கோயிலுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரும் நேரம். மகன் ஸ்ரீஹர்ஷா எழுந்திராத நேரம்.

மாநிலச் சிறுபாசனத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர் ஸ்ரீகண்டன். பெங்களூரு மல்லேஸ்வரத்தில், பதினோராம் கிராஸ் தெருவில் இன்றும் அவர் 'இன்ஜினியர் மாமா'தான். அவர் காதுவரை சிவந்து, "நியூஸ் பாக்கறச்சே தானா வந்திருக்கும்" என்றார்.

நான்கு தடவையா தானாக வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அந்தக் கேலி ஓயவில்லை.

"ஏன்னா, சத்தத்தை வேற அமுக்கிட்டுப் பாத்தேளாமே! அப்படி என்ன திருட்டுத்தனம்?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"கீழே எழுத்து ஓடறது. சத்தம் எதுக்கு?"

"அறுபத்தாறு வயசுல கார்ட்டூன். எதுத்தாத்துக் குழந்தை நாலு வயசுலயே விட்டுடுத்து."

"அம்மா, இது குழந்தைப் படம் இல்லம்மா" என்று சஹானா சிபாரிசுக்கு வந்தாள். "அப்பாக்கு நல்ல டேஸ்ட். இன்னிக்கு பதினோரு மணிக்கு அதே டைரக்டர் படம் பெரிய திரையில போடறா. நாலு டிக்கெட் எடுத்துட்டேன். எல்லாரும் போறோம்."

சாப்பாட்டு மேஜையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீஹர்ஷா தலையைத் தூக்கவில்லை. "எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு. நீங்க போங்க."

மென்பொருள் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவனுக்கு. முப்பத்து மூன்று வயது. இந்தப் படங்களின் பேச்சு வந்தாலே ஞாயிற்றுக்கிழமையிலும் அவனுக்கு ஆபீஸ் வேலை வந்துவிடும்.

"ஒரு நாள் வாடா. எனக்காக வா" என்றாள் அனந்தலக்ஷ்மி.

அதற்குள் வாசலில் குரல் கேட்டது. பழைய பேப்பர்காரர் கோவிந்தப்பா.

மற்ற வீடுகளில் கோவிந்தப்பாவுக்கு ஐந்து நிமிட வேலை. இந்த வீட்டில் அரை மணி நேரம். அனந்தலக்ஷ்மி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செய்தித்தாளையும் பிரித்து, உதறி, மறுபடி மடித்துத்தான் தராசுக்குக் கொடுப்பாள். துண்டுச்சீட்டுக்கூடத் தப்பாது.

"ஸ்வல்ப பேக மா, சீக்கிரம்! இன்னும் நாலு வீடு போகணும்" என்று கெஞ்சினார் கோவிந்தப்பா. "பதினஞ்சு வருஷமா உதறுறீங்க. ஒரு பத்து ரூபா நோட்டாவது விழுந்துச்சா?"

"விழாட்டா என்ன? பாத்துப் போடறது நல்லது."

"அப்படி ஒரு வாட்டி பாக்காம என்னத்தைத்தான் போட்டீங்களோ!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அனந்தலக்ஷ்மியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி உதற ஆரம்பித்தது. உள்ளே ஸ்ரீஹர்ஷா எழுந்து குளிக்கப் போனான். அன்று அவன் படத்துக்கு வருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் அதுதானோ என்னவோ.

நாற்பது பேர் உட்காரக்கூடிய சின்ன ஹால். கறுப்புத் துணி போட்டு ஜன்னல்களை மூடியிருந்தார்கள். ஸ்ரீகண்டன் நான்கு தடவை பார்த்த அதே படம்.

கால்வாய் ஓரம் மதகு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் கதை. ஊரே வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் ஏறிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் கீழே இறங்கி மதகைத் திறக்கப் போகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்த மதகு!

மதகில் சக்கரத்தைத் திருப்பினால் நீளமான இரும்புத் தண்டு மேலே ஏறும், பலகையைத் தூக்கும். தண்டும் சேர்ந்து சுற்றும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சுற்றாது. சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் மரை, அதாவது நட்டு, அதுதான் சுற்றும். தண்டு அந்த மரையைப் பிடித்து நேராக ஏறும். வரைகிறவர்கள் பாதிப்பேர் இதைத் தப்பாகப் போடுவார்கள். இந்த மனிதர் சரியாகப் போட்டிருந்தார். தண்ணீரும் அப்படித்தான். பலகை ஒரு விரல்கடை எழும்பும்போது தண்ணீர் பாயாது, அடியில் விசிறி மாதிரி பீச்சும். அடுத்த விரல்கடையில்தான் சுழலும். அதற்குப் பிறகுதான் சத்தம்.

முதல் தடவை பார்த்தபோது ஸ்ரீகண்டன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். எங்கோ ஜப்பானில் ஒருவர் மதகுக்குப் பக்கத்தில் நாள் கணக்காக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்திருக்கிறார். தன்னைப் போலவே. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? கார்ட்டூன் பார்த்து அழுதேன் என்று எப்படிச் சொல்வது?

இன்றும் கண் கலங்கியது. இருட்டில் பக்கத்திலிருந்து ஒரு கைக்குட்டை வந்தது.

"மூக்கை உறிஞ்சாதேங்கோ, கேக்கறது" என்றாள் அனந்தலக்ஷ்மி. அவள் குரலும் கம்மியிருந்தது.

படம் முடிந்து விளக்கு வந்ததும் ஓஸ்வால்ட் என்பவர் மேடையேறினார். அனிமேஷன் ஸ்டூடியோவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். உள்ளே விளக்கு எரியும் ஒரு கண்ணாடி மேஜையைத் தூக்கி வைத்தார்.

"யாருக்காவது டவுட்டு?"

ஸ்ரீகண்டனால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து தண்டையும் மரையையும் பற்றிக் கேட்டார். ஓஸ்வால்டுக்கு ஒரே குஷி.

"சார் நம்ம ஆளு! மேல வாங்க சார். நீங்களே செஞ்சு பாருங்க."

கூச்சத்தோடு மேலே போனார். மேஜையின் விளிம்பில் இரண்டு சிறிய முளைகள். தாளின் அடியில் இரண்டு ஓட்டைகள். தாளை முளையில் மாட்டினால் இம்மியும் நகராது. அதன்மேல் அடுத்த தாள். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் முந்தைய படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து, மயிரிழை தள்ளி அடுத்ததை வரைய வேண்டும்.

"ஒரு நொடிக்கு இருபத்து நாலு ஃப்ரேம் சார். ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவோம். ஆக, ஒரு நொடிக்குப் பன்னெண்டு படம். இந்தக் கட்டைப் பாருங்க. பூனை குதிக்குது. இருபத்து நாலு தாள். எப்படி இருக்கு?"

ஸ்ரீகண்டன் இரண்டு மூன்று தாள்களைப் புரட்டினார். "எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கே."

ஹால் சிரித்தது.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. இப்போ விரல்ல பிடிச்சு சர்ருனு விடுங்க."

விட்டார். பூனை பதுங்கியது, முதுகை வளைத்தது, பறந்தது, இறங்கியது.

"இப்போ நடுவுல இருக்கறதை எல்லாம் உருவிடறேன். முதல் தாளு, கடைசித் தாளு மட்டும் உங்ககிட்ட. விடுங்க சார்."

பூனை இங்கே இருந்தது. பூனை அங்கே இருந்தது.

"பூனை எங்க சார் குதிச்சுது? இது வெறும் ரெண்டு பாஸ்போர்ட் போட்டோ!" என்றார் ஓஸ்வால்ட். மறுபடி சிரிப்பு.

ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. கையில் இருந்த இரண்டு தாள்களையும், அடியில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்தபடி நின்றார்.

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம். ஸ்ரீஹர்ஷா பியூசி இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ.

அரசாங்க உத்தியோகஸ்தர் வீடுகளில் ஒருபக்கத் தாளுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு பக்கம் அச்சாகி மறுபக்கம் வெறுமையாக இருக்கும் எதையும் வீசக் கூடாது. சேர்த்து, கயிறு கோத்து, ரஃப் நோட்டாக்கி, வருடக்கணக்காகக் கணக்குப் போட வேண்டும். ஸ்ரீகண்டனின் அப்பா செய்தார். ஸ்ரீகண்டனும் செய்தார்.

அந்தச் சனிக்கிழமை அலமாரியில் ஒரு கட்டு கிடந்தது. நல்ல கெட்டித் தாள். அனந்தலக்ஷ்மி மாடியில் ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து நிற்கும் பென்சில் படம். அடுத்த தாள், அதே படம். அதற்கடுத்ததும் அதே. இருநூற்று நாற்பது தாளிலும் அதே அனந்தலக்ஷ்மி, அதே விரிப்பு.

பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. சரியாக வரும்வரை ஒரே படத்தைப் போட்டுப் பழகியிருக்கிறான் பையன் என்று நினைத்தார். எவ்வளவு தாள் வீண்! முதல் தாள் அழகாக இருந்தது. விரிப்பு கொடியில் விழுந்துவிட்ட கடைசித் தாளும் அழகு. அந்த இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டார், ஒரு அப்பாவின் பெருந்தன்மையோடு. மீதி இருநூற்று முப்பத்தெட்டையும் எட்டாவது கிராஸ் பைண்டிங் கடையில் கொடுத்து மூன்று நோட்டாகத் தைத்துக்கொண்டார். ஓட்டை ஏற்கெனவே போட்டிருந்தது. கயிறு கோக்கச் சுலபம்.

சாயங்காலம் ஸ்ரீஹர்ஷா டியூஷன் முடிந்து வந்து கட்டைத் தேடினான். திங்கட்கிழமைக்குள் ஒரு டிசைன் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய மாதிரிப் படமாம். மறுநாள் நண்பன் வீட்டில் ஒவ்வொரு தாளாகப் படம் பிடிப்பதாக இருந்தானாம்.

ஸ்ரீகண்டன் வாயைத் திறப்பதற்குள் அனந்தலக்ஷ்மி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, காலம்பற பேப்பர் போட்டேனே! அதோட சேத்து வாரிட்டேனா?"

"என் வாழ்க்கையை எடைக்குப் போட்டுட்டியேம்மா!" என்று பையன் கத்தினான்.

அந்த நேரத்தில் மூன்று நோட்டுகளும் ஸ்ரீகண்டனின் ஆபீஸ் பையில், அவர் காலடியில் இருந்தன.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். ஒரே படம்தானே, மறுபடி ஒன்று போட்டுக்கொள்வான் என்றும் நினைத்தார். இன்னொன்றும் நினைத்தார். அதை இந்தப் பதினாறு வருடத்தில் அவர் தனக்குத்தானே கூட ஒத்துக்கொண்டதில்லை. டிசைன் கல்லூரி போயிற்று, இனி இன்ஜினியரிங்தான். அது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

பன்னிரண்டு தாள் ஒரு நொடி. இருநூற்று நாற்பது தாள் இருபது நொடி. அவ்வளவு பெரிய ஹாலும் இல்லை அது. ஆனாலும் மேடையிலிருந்து இறங்கி இருக்கைக்குப் போய்ச் சேர அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"என்னன்னா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. வெளிச்சம் கூசித்து."

அனந்தலக்ஷ்மி அவரைத் தாண்டி மகன் பக்கம் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏண்டா ஹர்ஷா, நான் பேப்பரோட போட்டேனே, அந்தக் கட்டு... அதுவும் இப்படித்தானா? விட்டா அசையற மாதிரியா?"

"விடும்மா. பழசு."

"இல்லடா. எனக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுது என்ன பண்ணியிருக்கேன்னு."

ஸ்ரீஹர்ஷா எழுந்து வெளியே போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் சஹானா மட்டும்தான் பேசினாள். ஓஸ்வால்ட் வார இறுதியில் வகுப்பு எடுக்கிறாராம், ஹர்ஷா ஏன் சேரக் கூடாது, அவன் பழைய நோட்டு ஓரங்களில் போட்ட படங்களைத் தான் பார்த்திருக்கிறேனே என்றாள்.

"எனக்கு வராது" என்றான் ஸ்ரீஹர்ஷா.

"என்னாலதான்" என்றாள் பின்னிருக்கையில் அனந்தலக்ஷ்மி.

அந்தச் சொல்லுக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பதினாறு வருடமாகச் சொல்லாதது போலவே.

சாப்பிட்டு முடித்த பிறகு ஸ்ரீகண்டன் பீரோவைத் திறந்தார். வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பின் அடியில் அந்த இரண்டு தாள்கள். எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஸ்ரீஹர்ஷா கம்பியில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம்.

"ஹர்ஷா."

"ம்."

"பேப்பர்காரனுக்கு அம்மா போடலைடா."

பையன் திரும்பவில்லை.

"நான்தான் எடுத்தேன். ஒருபக்கத் தாள்னு எடுத்து நோட்டாத் தெச்சுண்டேன். எல்லாம் ஒரே படம்னு நெனச்சேன். சத்தியமா ஒரே படம்னுதான்..." தாள்களை நீட்டினார். "அம்மா தன் தலையில போட்டுண்டா. நான் சும்மா இருந்துட்டேன். கோழை மாதிரி இருந்துட்டேன்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"தெரியும்பா" என்றான் ஸ்ரீஹர்ஷா.

"என்ன தெரியும்?"

"காம்பஸ் தேடி உங்க மேஜையைத் திறந்தேன். அந்த நோட்டு இருந்தது. மதகுக் கணக்கெல்லாம் போட்டிருந்தேள். திருப்பினா அம்மா. எந்த இடத்துல இருந்ததோ அதே இடத்துல திருப்பி வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஏண்டா கேக்கலை?"

"உங்களைக் கேக்க பயம்." அவன் கம்பியைச் சுரண்டினான். "அம்மாகிட்ட கோவிச்சுக்கறது ஈஸியா இருந்தது. அப்பறம் பழகிடுத்து. படம் போட வராதுங்கறதுக்கும் ஒரு காரணம் வேணுமில்லையா? அதுக்குத்தான் அம்மா இருந்தாளே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"எத்தனை நாள் கழிச்சுடா பாத்தே?"

அனந்தலக்ஷ்மி கதவருகே நின்றிருந்தாள். கையில் நறுக்கிய பப்பாளித் தட்டு. அவளுக்குப் பின்னால் சஹானா.

"அம்மா..."

"கேக்கறேன். எத்தனை நாள்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசம்." அவள் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "காலேஜ் நாலு வருஷம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலையே. கல்யாணத்தன்னிக்கு, எல்லார் முன்னாடியும், எடைக்குப் போட்ட அம்மான்னு சொல்லிச் சிரிச்சியே. அதெல்லாம் தெரிஞ்சுண்டேதானா?"

ஸ்ரீஹர்ஷா கம்பியைச் சுரண்டுவதை நிறுத்தினான்.

"லக்ஷ்மி, தப்பு என்னோடதுதான்..." என்று ஆரம்பித்தார் ஸ்ரீகண்டன்.

"நீங்க இருங்கோ." குரல் உயரவில்லை. அவர் கையிலிருந்து தாள்களை வாங்கினாள். முதல் தாளை வெகுநேரம் பார்த்தாள். "இது நானா?"

"ஆமாம்மா" என்றான் ஸ்ரீஹர்ஷா.

"நான்னு யாரும் சொல்லவே இல்லையே."

கடைசித் தாளைப் பார்த்தாள். மறுபடி முதல் தாள். விரிப்பு கையில், விரிப்பு கொடியில்.

"நடுவுல என்ன பண்ணிண்டிருந்தேன்?"

கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை. ஸ்ரீகண்டன் அந்த இருநூற்று முப்பத்தெட்டின்மேல் கணக்குப் போட்டவர். ஸ்ரீஹர்ஷா அவற்றை வரைந்தவன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அனந்தலக்ஷ்மி தாள்களை மடிக்காமல் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். செருப்பு மாட்டும் சத்தம். கதவு திறந்து, மெதுவாகத்தான், சாத்திக்கொண்டது.

"போன்கூட எடுத்துக்கலை" என்றாள் சஹானா. யாரும் அசையாததைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். "யாராவது போங்களேன்!"

ஸ்ரீகண்டன் மகனைப் பார்த்தார். ஸ்ரீஹர்ஷா அப்பாவைப் பார்த்தான். போய் என்ன சொல்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. முதலில் மற்றவர் போனால் நன்றாயிருக்கும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அதுவும் இருவருக்கும் புரிந்தது.

"சே!" என்று சஹானா படியிறங்கி ஓடினாள்.

பால்கனியிலிருந்து பார்த்தபோது அனந்தலக்ஷ்மி தெருவைக் கடந்துவிட்டிருந்தாள். கையைக் காட்டினாள். ஒரு ஆட்டோ நின்றது. டிரைவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். சஹானா கேட்டைத் திறந்து வெளியே வருவதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது.

எங்கே போகச் சொன்னாள் என்பது மேலே நின்ற இருவருக்கும் கேட்கவில்லை. எங்கே போகக்கூடியவள் என்று யோசித்துப் பார்த்தார்கள். அதுவும் தெரியவில்லை.